பட்சி புக்கு

கப்பல் ஏறிப் போகிற குடும்பம் கடைசியாக விற்பது புத்தகத்தைத்தான். பியானோ முதலில் போகும். பிறகு தேக்குக் கட்டில், கிராமபோன், சாப்பாட்டு மேசை. இவற்றுக்கெல்லாம் ஏலக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து விலை பேசுவார். புத்தக அலமாரியும் விலை போய்விடும். அதிலிருந்த புத்தகங்கள் மட்டும் தரையில் குவிந்து கிடக்கும். கிளம்புகிற வாரத்தில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வருவார்.

எழுபதுகளில் ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டே இருந்தன. நான் அப்போது துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கிற வழியில் பழைய பேப்பர் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை நடத்திய பாய்தான் என்னைப் பழைய பறவைப் புத்தகங்களின் பக்கம் இழுத்தவர். தூரத்திலிருந்து நான் வருவதைப் பார்த்ததும், "தம்பி, பட்சி புக்கு வந்துகீது" என்று குரல் கொடுப்பார். படம் போட்ட தடிமனான புத்தகத்தை எடைக்குப் போடாமல் எனக்காகத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

ரயில்வே உத்தியோகஸ்தர், சுங்க அதிகாரி, துறைமுக பைலட் வீடுகளில் பறவைப் புத்தகம் ஏன் இருந்தது என்று பலர் கேட்பார்கள். காரணம் துப்பாக்கி. எண்ணூர் காயலும் பழவேற்காடும் வாத்து வேட்டைக்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளையும் உள்ளான்களையும் சுட்டவர்களுக்கு, கையில் கிடைத்தது எது என்று தெரிந்தாக வேண்டும். பழைய இந்தியப் பறவைப் புத்தகங்களில் அழகான படம் கொண்டவை பல, வேட்டைக்காரர்களுக்காகவே எழுதப்பட்டவை. ஹ்யூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை கல்கத்தாவில் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த வேட்டைப் பறவைகள் நூல் அப்படி ஒன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1908-இல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பேக்கரின் இந்திய வாத்துகள் நூல் இன்னொன்று. 1941-இல் சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' வந்த பிறகுதான், துப்பாக்கி இல்லாமல் பைனாகுலரோடு போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாங்கிப் படிக்கத் தோதான வண்ணப்பட நூல் இந்த நாட்டில் பரவியது. சிறையிலிருந்த நேரு மகள் இந்திராவுக்குக் கொடுத்த புத்தகம் அது. முதல் பதிப்பு மேலுறையோடு கிடைப்பது இன்றைக்கு அபூர்வம்.

ஸ்டூவர்ட் பேக்கர் நூலில் வண்ணப் படங்கள் 30. அந்த நூல் பாய் கடைக்கு வந்தபோது பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இளஞ்சிவப்புத் தலை வாத்தின் படம் இல்லை. தையலை ஒட்டி, பிளேடால் சீராக அறுத்து எடுத்திருந்தார்கள். சில வருடம் கழித்து வேறொரு வீட்டிலிருந்து இன்னொரு பிரதி வந்தது. அதிலும் அதே படம்தான் இல்லை. முப்பதுகளுக்குப் பிறகு அந்த வாத்தை இந்தியாவில் யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. பறவை போனதும் அதன் படத்துக்கு விலை ஏறியது. படத்துக்கு விலை ஏறியதும் புத்தகம் ஊனமானது. பழைய புத்தகத் தொழிலை நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

முழுப் புத்தகத்துக்குக் கேட்கிற விலையை, நல்ல நாலைந்து படங்களை அறுத்துச் சட்டம் போட்டு விற்றாலே எடுத்துவிடலாம். மீதிப் படங்கள் லாபம். எழுத்துப் பகுதி பேப்பர் கடைக்கு. இதைச் செய்கிறவர்களில் பலர் புத்தகத்தின் மேல் பிரியம் உள்ளவர்கள்தான் என்பது கூடுதல் வருத்தம். "ஏற்கனவே அட்டை போயிடுச்சு சார், செல்லரிச்சுப் போச்சு, படத்தையாவது காப்பாத்தலாமே" என்பார்கள். நான் இதை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. படத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான், அந்தப் பறவை எந்த ஊரில் கிடைத்தது, எந்த மாதத்தில் வரும், அங்கே ஜனங்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அதை இழந்த படம் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிற வெறும் அலங்காரம்.

மதராஸுக்கென்றே ஒரு பறவைப் பட நூல் உண்டு. மதராஸ் ராணுவத்தின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன் 1843-க்கும் 1847-க்கும் இடையில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. இங்கேயே அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சானது. மொத்தம் 50 படங்கள், எல்லாம் கல்லச்சில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியவை. வரைந்தவர்களில் இந்த ஊர் ஓவியர்கள் இருந்தார்கள். கல்லச்சுக்காரர்களில் கிருஷ்ணராஜு என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. படங்களில் ஒரு பகுதி லண்டனில் அச்சானது. ஜெர்டன் நெல்லூரில் அரசு மருத்துவராக இருந்தவர். அந்தப் பக்கத்துக் காட்டு மக்களிடம் பழகிப் பறவைகளைத் தெரிந்துகொண்டவர். அவர் பெயரைத் தாங்கிய ஓடுபறவை ஒன்று, தெலுங்கில் கலிவிக்கோடி, அழிந்தே போய்விட்டதாக எண்ணப்பட்டு 1986-இல் கடப்பைப் பக்கம் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த நூலின் முழுப் பிரதி எதுவும் என் கை வழியாகப் போனதில்லை. உதிரிப் படங்களைச் சட்டம் போடும் கடைகளில் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் கைவண்ணம் எது, வண்ண அச்சு எது என்று கண் பழகியது. கையால் தீட்டியதில் வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டி வழியும். பறவையின் கண்ணிலும் கறுப்பு இறகிலும் பிசின் தடவிய பளபளப்பு இருக்கும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அது மின்னும். ஹ்யூம் காலத்து வண்ணக் கல்லச்சில் ஒழுங்கில்லாத சின்னப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இப்போதைய ஆப்செட்டில் புள்ளிகள் வரிசை மாறாமல் நிற்கும். 'நூற்றைம்பது வருஷத்து ஒரிஜினல்' என்று சட்டம் போட்டு வருகிற பல படங்களின் கதை, கண்ணாடியைக் கையில் எடுத்த நிமிடமே முடிந்துவிடும்.

திருவொற்றியூரில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஒரு வெண்கொக்குப் படம் வந்தது. கைவண்ணம். கொக்கின் நெஞ்சும் கழுத்தும் ஈயம் நிறத்தில் கறுத்துக் கிடந்தன. கொண்டுவந்தவர், ஓவியனுக்குக் கொக்கின் நிறம் தெரியவில்லை என்றார். அவன் வெள்ளையாகத்தான் தீட்டியிருந்தான். அந்தக் காலத்து வெள்ளைச் சாயத்தில் ஈயம் உண்டு. காற்றில் கந்தக வாயு கலந்திருந்தால் ஈயவெள்ளை மெல்ல மெல்லக் கறுத்துவிடும். மணலிச் சுத்திகரிப்பு ஆலை அறுபதுகளின் இறுதியிலும் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லும் இயங்கத் தொடங்கின. அந்தப் படம் அத்தனை வருடமும் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. தாள் பாதுகாப்பு படித்தவர்கள் அந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியும். நம்மைப் போன்றவர்கள் தண்ணீரோ ரப்பரோ அதன்மேல் வைக்கக் கூடாது.

ராயபுரத்தில் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இன்னொரு எதிரி நிலக்கரித் தூள். துறைமுகத்தில் கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் குவிந்திருந்த காலத்தில், காயப்போட்ட வேட்டியில் காலையில் கறுப்பு படிந்திருக்கும். புத்தகத்தின் மேல்விளிம்பில் படிந்த தூளை ஈரத் துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்ட வேண்டும். 2011-இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்தச் சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறின. என் அலமாரி வெளுத்தது. எண்ணூர்க்காரர்கள் வீட்டுக்கு அந்தத் தூள் போய்ச் சேர்ந்தது. இதை ஒரு நல்ல செய்தியாக என்னால் சொல்ல முடியவில்லை.

ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் போதும். உப்புக்காற்றுக்கு ஒரே மருந்து, அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் வெயில் நாளில் கதவைத் திறந்து வைப்பதும்தான். பீரோவில் பூட்டி வைத்தவர்களின் புத்தகங்களே அதிகம் பூஞ்சை பிடித்து வந்திருக்கின்றன.

பைண்டிங்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். காலத்தைவிட அதிகமாகப் புத்தகத்தைக் கெடுப்பது அவசர பைண்டிங். கட்டு தளர்ந்தது என்று கொடுத்தால் தைத்து, அட்டை ஒட்டி, கடைசியில் மூன்று பக்கமும் மெஷினில் வெட்டிச் சீராக்குவார்கள். கணக்கு நோட்டுக்கு அது சரி. பறவைப் படத்தின் அடியோரத்தில்தான் ஓவியர் பெயர், அச்சகத்தின் பெயர், படத்தின் எண் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு வெட்டில் அவ்வளவும் கீழே குப்பையில். எங்கள் தெருவில் வயதான பைண்டர் ஒருவர் இருந்தார். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். "ஓரத்துல கை வெக்காதீங்கண்ணே" என்று ஒருமுறைதான் சொன்னேன். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளோரத்தில் மெல்லிய தாள் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தையல் போட்டுத் தந்தார். படத்தில் ஒரு ஊசித்துளைகூட விழவில்லை. அவர் செய்த கட்டுகள் இன்றும் தளராமல் இருக்கின்றன. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை, லாமினேஷனும் செய்கிறார்கள். பழைய படத்தை லாமினேட் செய்தால், அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பேப்பர் கடைகளுக்கு அடுத்தபடி எங்களுக்கு மூர் மார்க்கெட். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1900-இல் திறந்த செங்கல் கட்டடம். அங்கே பழைய புத்தக வியாபாரிகள் படிக்காத புத்தகத்துக்கும் விலை சொல்லத் தெரிந்தவர்கள். முகத்தைப் பார்த்தே விலை வைப்பார்கள். பறவைப் புத்தகத்தை நேராக எடுத்தால் விலை ஏறிவிடும் என்று பக்கத்திலிருக்கும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. என்னென்ன போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடைகளுக்குப் பட்டியல் கிடையாது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கும் திருவல்லிக்கேணி நடைபாதைக்கும் பிரிந்து போனார்கள். ஒரே கூரையின் கீழ் ஒருவர் கையிருப்பு இன்னொருவருக்குத் தெரிந்திருந்த உலகம் அத்தோடு போயிற்று.

எண்பதுகளின் கடைசியில் என் கைக்கு வந்த ஒரு புத்தகத்தைத்தான் என் சேகரிப்பில் மேலானதாக நினைக்கிறேன். விலைமதிப்பில் அது சாதாரணம். விஸ்லரின் கையேடு, 1928-இல் முதலில் வந்து, பின்னால் பல பதிப்புகள் கண்ட நூல். குரோன்வால்ட் வரைந்த படங்கள் அதில் உண்டு. அட்டை மங்கியிருந்தது. ஆனால் ஓரங்களில் முழுக்க பென்சில் குறிப்புகள். பெயர் எழுதாத யாரோ ஒருவர் எண்ணூர் காயலில் எந்தத் தேதியில் எதைப் பார்த்தார் என்று வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். ஆலாக்கள் வந்த நாள், பூநாரைகள் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கடந்து போனது, ஒரு வருடம் மழை பொய்த்ததும் உள்ளான்கள் குறைந்தது. வியாபாரிகள் இப்படி எழுதிய பிரதியை 'அழுக்கு' என்று விலை குறைப்பார்கள். நான் அதைத் தேடி வாங்குகிறவன். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் எண்ணூர் எப்படி இருந்தது என்று சொல்ல அந்த மனிதரின் பென்சிலைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை.

ஹ்யூம் நூலின் வாத்துத் தொகுதியை ஒருமுறை துணியில் சுற்றி எண்ணூர் முகத்துவாரத்துக்கு எடுத்துப் போனேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கை துடைத்துவிட்டுப் பார்த்தார். நீலச்சிறகி வாத்தின் படம் வந்ததும் நிறுத்தினார். ஆண் பறவைக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. "இது மாசி மாசத்துப் பட்சிண்ணே. கார்த்திகைல வந்து எறங்கும்போது இந்தக் கோடு இருக்காது, ஆணும் பொட்டையும் ஒண்ணு மாதிரி இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. நீலச்சிறகி குளிர்காலத் தொடக்கத்தில் மங்கிய இறகோடு வந்து, திரும்பிப் போவதற்கு முன்புதான் கல்யாண இறகு கட்டும். கற்றவர்கள் பலர் கவனிக்காததை அவர் படகிலிருந்தே கவனித்திருக்கிறார். ஹ்யூமுக்கே தன் நூலின் படங்களில் திருப்தி இருந்ததில்லை. அதற்குப் பிறகு எந்தப் படப் புத்தகத்தையும் முகத்துவாரத்து ஆட்களிடம் காட்டாமல் நான் அலமாரியில் வைத்ததில்லை.

காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான அந்த ஹ்யூமின் கதையைப் பழைய பேப்பர் வியாபாரிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிம்லாவில் இந்தியப் பறவைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெருநூல் எழுத, இருபது இருபத்தைந்து வருடக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தார். வெளியூர் போய்த் திரும்பினால், வீட்டு வேலைக்காரர் அந்தக் கைப்பிரதிகளைக் கழிவுத் தாளாகக் கடையில் போட்டிருந்தார். அத்தோடு பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். பல்லாயிரக்கணக்கான பறவைத் தோல்களை 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எழுதவிருந்த நூல் எழுதப்படவே இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு, அது நம் ஊர்ச் சங்கதி. 1801-இல் மதராஸுக்கு வந்த நீதிபதியின் மனைவி எலிசபெத் குவில்லிம், 1807-இல் இங்கேயே இறக்கும்வரை இந்த வட்டாரத்துப் பறவைகளை உயிருள்ள பறவையை முன்னால் வைத்துக்கொண்டு தீட்டினார். கோட்டையில் செயின்ட் மேரி தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் ஓவியங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1924-இல் லண்டனில் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் மொத்தமாக ஒரே கட்டாகக் கிடந்ததை கேசி உட் என்ற மருத்துவர் வாங்கி, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சேர்த்தார். 121 பறவை ஓவியங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றிருந்தால், இவை மதராஸ் பறவைகள் என்பதும் வரைந்தவர் ஒரு பெண் என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வியாபாரி கட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கணினி வந்தபின் தொழில் மாறிவிட்டது. ஜெர்டன், ஹ்யூம், ஸ்டூவர்ட் பேக்கர் நூல்களையெல்லாம் வெளிநாட்டு நூலகங்கள் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கின்றன. நடுத்தரப் புத்தகங்களின் விலை இறங்கியது. படத்துக்காகக் கேட்கப்படும் புத்தகங்களின் விலை எங்கேயோ போயிற்று. உதிரிப் படம் விற்பதும் கூடியிருக்கிறது. முன்பு ஒரு படத்தை விற்க வாங்குகிறவர் கடைக்கு வர வேண்டும். இப்போது இங்கே அறுக்கிற படம் மறுவாரம் வேறொரு நாட்டில் சுவரில் தொங்குகிறது. அறுப்பதற்குச் சொன்ன ஒரே நியாயமும் இப்போது போய்விட்டது: படம்தான் வேண்டும் என்றால் ஸ்கேனிலிருந்து நல்ல தாளில் அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் ஒட்டி அலையாத்திப் புதர்களில் உட்கார்ந்திருந்தன. அந்த வாரம் பறவைக் கணக்கெடுக்கும் இளைஞர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். பென்சில் குறிப்புள்ள விஸ்லரைத்தான் கேட்டார்கள். எண்ணூர் பற்றிய ஓரக் குறிப்புகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதற்கு முன், துறைமுகங்கள் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று சொல்ல ஒரு ஆதாரம் வேண்டும் என்றார்கள். யாராவது பத்து வண்ணப் படங்களுக்காக அந்தப் பிரதியைப் பிரித்திருந்தால், அந்த ஓரங்கள் பேப்பர் கடைத் தராசில் போயிருக்கும்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ வைத்துப் போன பறவைப் புத்தகம் இருக்கலாம். அட்டை இல்லாததாக, பூச்சி அரித்ததாக, ஓரமெல்லாம் யாரோ கிறுக்கியதாக இருக்கலாம். எடைக்குப் போடாதீர்கள். படத்தைக் கத்தரித்துச் சட்டம் போடாதீர்கள். டேப் ஒட்டாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், கன்னிமாரா போன்ற நூலகத்திடமோ, பறவை பார்க்கிற ஒரு இளைஞரிடமோ, என்னைப் போன்ற ஒரு பழைய புத்தகக்காரரிடமோ விசாரியுங்கள். விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, முழுசாகக் கொடுங்கள்.